தூசி ஒட்டாத குண்டு

அத்தியாயம் 6

பிப்ரவரி மாதத்தில் டொரண்டோவில் கார் ஓட்டுகிறவன் போன பிறவியில் பாவம் செய்திருக்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்குக் கீழே புடவைக் கடை வைத்திருப்பவர் சொல்வார். எனக்குப் போன பிறவியில் நம்பிக்கை கிடையாது. நான் நாகூர் ஜாபர், வயது நாற்பத்தாறு. அதனால் நான் செய்த பாவமெல்லாம் இந்தப் பிறவியிலேயே, அதுவும் இந்த நாட்டுக்கு வந்த எட்டு வருடத்துக்குள் செய்ததாகத்தான் இருக்க வேண்டும்.

1996, ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி அடிக்கப் போகிறது. ஸ்டீல்ஸ் சாலை முழுக்கப் பழுப்பு நிறத்தில் பனிக்குழம்பு. காரின் ஹீட்டர் என் வலது காலை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் என் முதலாளி சந்திரவதனா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஐம்பத்துநாலு வயது, சாவகச்சேரி, கையில் தனியார் துப்பறிவாளர் லைசென்ஸ், முழங்கால் இரண்டிலும் வாதம்.

"மேடம், தூங்கறீங்களா?"

"இல்லை. கண்ணைத்தான் மூடியிருக்கிறன். அலுப்பாக் கிடக்கு."

மூன்று வருடமாக அவருக்கு அலுப்பாகத்தான் கிடக்கிறது. வருகிற வழக்குகள் அப்படி. இன்ஷூரன்ஸுக்காக முதுகு வலிப்பதாகச் சொன்னவர் கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்கு முன்னால் ஆடினாரா, மாப்பிள்ளைக்கு மொன்ட்ரியலில் இன்னொரு குடும்பம் இருக்கிறதா. இரண்டுக்கும் பதில் எப்போதும் ஆமாம்தான்.

"இன்னிக்கு என்ன காணாமப் போச்சு?"

"குண்டு. நானூறு குண்டு."

சிவப்பு விளக்கைப் பார்க்காமல் போயிருப்பேன். நல்லவேளை, பிரேக் கொஞ்சம் வேலை செய்தது.

"பயப்படாதையும். வெடிக்கிற குண்டில்லை. துவக்குக்கு, உங்கடை துப்பாக்கிக்கு, போடுற ஈயக் குண்டு. தில்லையம்பலம் எண்டு ஒரு அண்ணை, தானே உருக்கி வார்த்து வைச்சிருக்கிறாராம். லைசென்ஸ், குறி பாத்துச் சுடுற கிளப் எல்லாம் ஒழுங்கா இருக்கிற மனுசன். ஒரு வாளி காணேல்லை. மனுசி ஜெயமலர் காலமை எனக்கு ஃபோன் எடுத்தவ."

"எங்க ஊர்ல வீட்லயே வடகம் போடுவாங்க. இங்க குண்டு போடுறாங்க."

"உமக்கு எல்லாம் பகிடி. கீழை பேஸ்மென்ற்றிலை கீதன் எண்டொரு பொடியன் வாடகைக்கு இருக்கிறானாம். வாற வியாழன் அவனுக்கு அகதிக் கேஸ் ஹியரிங். குண்டு களவெடுத்தான் எண்டு ஒரு சொல் கடதாசியிலை ஏறினா அவன்ரை கேஸ் அவ்வளவுதான். அதுக்குப் பிறகு பிளேனிலை ஏத்தி அனுப்புவினம். அங்கை இப்ப ஆரும் திரும்பிப் போற நிலைமையே?"

அதற்கு நான் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை.

மில்லிக்கனில் எல்லா வீடுகளும் ஒரே அச்சில் செய்தவை. ஆனால் அந்த வீட்டை கதவிலக்கத்தைப் பார்க்காமலே கண்டுபிடித்திருக்கலாம். கார் நிறுத்தும் இடத்துப் பனியை அளவுகோல் வைத்து வெட்டியதுபோல் வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். அறுபது வயது மனிதர் ஒருவர் பனி அள்ளும் சவளோடு நின்று கடைசி ஓரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் அச்சுக் கருவி செய்கிறவர் என்று சந்திரவதனா சொல்லியிருந்தார். பார்த்தால் தெரிந்தது.

"துப்பறியிற ஆக்களோ?" என்றார் தில்லையம்பலம். "நான் வேண்டாமெண்டனான். மனுசிதான் கேக்கேல்லை. வந்திட்டியள், வாங்கோ."

"நேரம் பிடிச்சிருக்கும்போல, அண்ணை?"

"ஒரு மணிக்கு இறங்கினனான். இப்பத்தான் முடியுது."

ஜெயமலர் கதவைத் திறந்தார். ஒல்லியான அம்மா. நெற்றியில் விபூதி, கையில் துவாலை. கண்ணுக்குக் கீழே பல வருடத் தூக்கம் பாக்கி இருந்தது. வரவேற்பறைச் சுவரில் ஒரு பையனின் படம், மாலையோடு. பத்தொன்பது வயது இருக்கலாம். நான் பார்ப்பதைத் தில்லையம்பலம் பார்த்தார். உடனே பேஸ்மென்ட் படியில் இறங்கினார். ஜெயமலர் மேலேயே நின்றுகொண்டார்.

"அவ உந்த அறைப் பக்கம் வரமாட்டா. உடுப்புத் தோய்க்க மட்டும் கீழை வருவா," என்றார் தில்லையம்பலம்.

அது ஒரு சின்ன அறை. குளிர் மூலையில் ஒரு அலமாரி. அதில் நாலு லிட்டர் வெனிலா ஐஸ்கிரீம் வாளிகள் ஐந்து வரிசையாக நின்றன. நடுவில் இன்னொன்று நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்த வெற்றிடத்தைக்கூட அவர் துடைத்து வைத்திருந்தார்.

"இது வெறும் ஈயம், தங்கச்சி. கார்ச் சில்லு ஆடாமல் இருக்க அடிக்கிற ஈயத்துண்டுகளைச் சேர்த்து, கோடையிலை கராஜுக்கு வெளியிலை வைச்சு உருக்கி வார்க்கிறனான். வெடிமருந்து ஒரு துளியும் இந்த வீட்டிலை இல்லை. மருந்து நிரப்பிறது வெய்யில் வந்தாப் பிறகு, ஸ்ரௌவ்வில் பக்கத்திலை கிளப் ஆள் ஒருத்தரின்ரை இடத்திலை. அதுவரைக்கும் இதுகள் இஞ்சை நித்திரை."

ஒரு வாளியின் மூடியைத் திறந்தார். தேன் வாசனை அடித்தது. உள்ளே மெழுகுத் தாளின் மேல் நூற்றுக்கணக்கான குண்டுகள் மூக்கை மேலே நீட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல் நின்றன. ஒவ்வொன்றின் இடுப்பைச் சுற்றியும் ஒரு வெட்டு, வெட்டுக்குள் மஞ்சள் மெழுகு.

"தேன்மெழுகும் கிறீசும். பிசின் மாதிரி ஒட்டும். திறந்து வைச்சா வீட்டிலை கிடக்கிற தூசி முழுக்க இதிலைதான் வந்து குந்தும். தூசியோடை சுட்டாத் துவக்குக் குழாய் கீறுப்படும். அதாலைதான் மூடி இறுக்கின வாளி. குவிச்சுப் போட்டா ஈயம் நெளியும், அதாலை நிமித்தி அடுக்கிறது. வீடு சூடாக்கிற ஃபேர்னஸுக்குக் கிட்ட வைச்சா மெழுகு உருகி ஓடும், அதாலை இந்தக் குளிர் மூலை."

"என் வீட்ல என்னை இவ்வளவு பத்திரமா யாரும் வெச்சதில்ல சார்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வாளியில் ஒட்டியிருந்த டேப்பைக் காட்டினார். தேதி, எண்ணிக்கை நானூறு. பிறகு வாளியைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். பிளாஸ்டிக்கில் ஊசியால் '3' என்று கீறியிருந்தது.

"ரேப் கழண்டாலும் நம்பர் கழராது. ஒண்டு, ரண்டு, மூண்டு, அஞ்சு, ஆறு நிக்குது. நாலைத்தான் காணேல்லை. போன புதன் இரவு எண்ணினனான், இருந்தது. வெள்ளி பின்னேரம் பாத்தன், இல்லை."

"பூட்டு?"

"பூட்டிறேல்லை. வீட்டிலை ஆர் எடுக்கிறது? கீதனும் வார்க்கேக்கை எனக்கு உதவிக்கு நிக்கிறவன். நல்ல பொடியன். அவனிலை நான் சந்தேகப்படேல்லை."

சந்திரவதனா பெருமூச்சு விட்டார். அவருடைய முழங்கால் அவருக்கு முன்னால் பெருமூச்சு விட்டது. "அவன்ரை அறையையும் பாக்கத்தான் வேணும் அண்ணை. பாக்காமல் இல்லை எண்டு எழுதேலாது."

கீதன் தலையணை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். காலை ஐந்தரைக்குப் போனால் மாலை நாலு மணி போல்தான் வருவான். அவன் அறையைப் பார்த்ததும் அவன் வேலை என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. கதவில் தொங்கிய வேலைக் கோட்டில் பஞ்சு. படுக்கையில் பஞ்சு. சீப்பில், சப்பாத்தில், மேசை விளக்கின் தலையில், வழக்கறிஞர் அனுப்பிய கடித உறையின் மேல் எல்லாம் வெள்ளைப் பஞ்சு. தரைத் துளையிலிருந்து சூடான காற்று வந்து எல்லாவற்றையும் கிளப்பிக்கொண்டிருந்தது. நான் மூன்று முறை தும்மினேன்.

நாலாவது தும்மலுக்குத் திரைச்சீலையைப் பிடித்தேன். அது விலகியது. ஜன்னல் விளிம்பில், மூக்கை மேலே நீட்டிக்கொண்டு, ஒரே ஒரு குண்டு நின்றது.

தில்லையம்பலத்தின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஒரு மனிதர் நின்ற இடத்திலேயே பத்து வயது மூப்பாவதைப் பார்ப்பது நல்ல காட்சி இல்லை.

"தொடாதையும்," என்றார் சந்திரவதனா. குனிந்து நீண்ட நேரம் பார்த்தார். கடைசியில் கைக்குட்டையால் குண்டின் மூக்கைப் பிடித்துத் தூக்கித் தன் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"என்ரை குண்டுதான்," என்றார் தில்லையம்பலம். குரல் சத்தமாக இல்லை. "நான் கிளப்புக்குச் சொல்லவேணும். அதுதான் ஒழுங்கு. செயலாளர் ஃபிராங்க் சொன்னாப் பொலிசுக்கும் சொல்லுவன்."

"அண்ணை, பொடியனுக்கு ஹியரிங்..."

"எனக்குத் தெரியாதே? என்னையும் அதுக்குச் சாட்சியா வரச் சொல்லிக் கேட்டவன். ஓமெண்டனான்." அவர் படியேறிப் போய்விட்டார். மேலே ஃபோன் டயல் செய்யும் சத்தமும் அவருடைய நிதானமான ஆங்கிலமும் கேட்டன. திரும்பி வந்து சொன்னார். "ஃபிராங்க் வேலைக்குப் போயிட்டான். ஒரு வாளி துலைஞ்சு போச்சு எண்டு அவன்ரை மனுசியிட்டைச் சொல்லியிருக்கிறன். நாலு மணிக்கு அவனே ஃபோன் எடுப்பான்."

மணி இரண்டரை.

"அப்ப ஒண்டரை மணித்தியாலம் இருக்கு," என்றார் சந்திரவதனா. "அண்ணை, எனக்கு இன்னொரு குண்டு தருவியளோ? அஞ்சாம் வாளியிலையிருந்து. நீங்களே எடுத்துத் தாங்கோ."

கொடுத்தார். அதை அதே ஜன்னல் விளிம்பில், அதே இடத்தில், மூக்கு மேலே தெரிய நிறுத்தினார். திரைச்சீலையை முன்போல் இழுத்துவிட்டு அறைக் கதவைச் சாத்தினார். என்னைப் பார்த்து, "வாரும், தேத்தண்ணி குடிப்பம்," என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "மேடம், ஒரு பையனோட தலை போகப் போகுது. நாம டீ குடிக்கிறதா?"

"ஓம். சீனி குறைச்சு."

சமையலறையில் ஜெயமலர் தேநீரோடு பயற்றம் பணியாரமும் வைத்தார். நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை. நாலு தின்றேன்.

"அருமையா இருக்கும்மா. தேன் விட்டிருக்கீங்களா?"

"தேனோ? இல்லைத் தம்பி. சர்க்கரைதான்."

சந்திரவதனா ஒன்றும் தின்னவில்லை. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துச் சூடு காய்ந்துகொண்டிருந்தார். "சுவரிலை இருக்கிறது மகனோ?"

"வாகீசன். எண்பத்தேழாம் ஆண்டு. டியூஷனாலை சைக்கிளிலை வந்தவன்." ஜெயமலர் துவாலையை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். "ஒரு குண்டு. எந்தப் பக்கத்தாலை வந்ததெண்டு இண்டைக்கும் தெரியாது. அக்கா, இவர் பொலிசுக்குச் சொல்லப் போறாரோ? உண்மையாவோ?"

"அப்பிடித்தான் சொல்லுறார்."

"நீங்கள் சொன்னாக் கேப்பார். வெளியாக்கள் சொன்னாத்தான் அவர் கேக்கிறவர். வீட்டிலை உந்தச் சாமான் இருக்கிறபடியாத்தானே உதெல்லாம் வருது எண்டு சொல்லுங்கோ. எல்லாத்தையும் கொண்டுபோய்க் குடுத்திட்டு விடச் சொல்லுங்கோ."

"பாப்பம்," என்றார் சந்திரவதனா. கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை உண்மையிலேயே தூங்கிவிட்டாரோ என்று நான் பயந்தேன்.

மூன்றரைக்குக் கீழே போனோம். தில்லையம்பலமும் வந்தார். கதவைத் திறந்து, திரையை விலக்கி, ஜன்னல் விளிம்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் வைத்துவிட்டுப் போன குண்டு தாடி வளர்த்திருந்தது. இடுப்பு முழுக்க வெள்ளைப் பஞ்சு.

சந்திரவதனா கண்ணாடிப் பெட்டியைத் திறந்து முதல் குண்டைப் பக்கத்தில் நிறுத்தினார். அது குளித்துவிட்டு வந்த பிள்ளைபோல் பளபளத்தது. ஒரு நூல்கூட இல்லை.

"ஒரு மணித்தியாலத்திலை இவ்வளவு. வியாழனோ வெள்ளியோ களவு போன குண்டு நாலஞ்சு நாளா இந்த அறையிலை நிண்டிருந்தா எப்பிடியிருக்கும்? கீதன் இண்டைக்கு விடிய வைச்சிட்டுப் போனான் எண்டாலும் ஒன்பது மணித்தியாலம். அண்ணை, நீங்கள்தானே சொன்னியள், வீட்டிலை கிடக்கிற தூசி முழுக்க இதிலை வந்து குந்துமெண்டு. இந்தக் குண்டை நாங்கள் வாறதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் ஆரோ வைச்சிருக்கினம்."

தில்லையம்பலம் இரண்டு குண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். தோள் இரண்டும் கீழே இறங்கின. "அப்ப அவன் எடுக்கேல்லை," என்றார். பிறகு அவருடைய மூளை அடுத்த படிக்குப் போனது. "வீட்டிலை நானும் மனுசியும்தானே இருந்தம்."

"ஓம்."

"நான்தான் வைச்சனெண்டு நினைக்கிறியளோ?"

சந்திரவதனா படியேறத் தொடங்கினார். நான் பின்னால் போய்க் காதோடு கிசுகிசுத்தேன். "இவர்தான் மேடம். நிமிர்த்தி நிறுத்தி வெச்சிருக்கு பாருங்க. வேற யாராவதா இருந்தா படுக்கப் போட்டிருப்பாங்க. குண்டை நிக்க வைக்கிற பழக்கம் இந்த வீட்ல ஒருத்தருக்குத்தான் இருக்கு."

"கெட்டித்தனமாத்தான் யோசிக்கிறீர்."

"நன்றி மேடம்."

"பிழையாவும் யோசிக்கிறீர். அவர் ஒரு மணி தொடங்கி வெளியிலை. உள்ளை வந்து போயிருந்தா இந்தப் படிக் கம்பளத்திலை பனித்தண்ணி நிக்கும். நாங்கள் வரேக்கை காஞ்சு போய்க் கிடந்தது. பொறும்."

சமையலறையில் சந்திரவதனா கோட்டை மாட்டிக்கொண்டார். கிளம்பப் போகிறார் என்று நினைத்து ஜெயமலர் பதறிப்போனார். ஆனால் பதற்றத்திலும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வீட்டுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். அலமாரியிலிருந்து பணியாரம் இருந்த பாத்திரத்தை அப்படியே எடுத்து மூடியை அமுக்கிக் கொடுத்தார்.

"தம்பிக்குப் பிடிச்சிருக்கு. கொண்டு போங்கோ."

சந்திரவதனா அதை வாங்கினார். நாலு லிட்டர் வெனிலா ஐஸ்கிரீம் வாளி. மூடியைத் திறந்து முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். நான் முகர்ந்தேன். அதே தேன் வாசனை. நான் இதே வாசனையைப் பணியாரத்தின் பெருமையாக நினைத்துப் பாராட்டியிருந்தேன்.

பிறகு வாளியைத் தலைக்கு மேலே தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். எனக்கும் தெரிந்தது. ஊசியால் கீறிய '4'.

"ஜெயமலர்," என்றார் சந்திரவதனா. குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான். "குண்டை எறிஞ்சனீங்கள். ரேப்பைக் கிழிச்சனீங்கள். வாளியை எறிய மனம் வரேல்லை. நானும் இருபது வருசத்திலை ஒரு ஐஸ்கிரீம் வாளி எறிஞ்சதில்லை."

ஜெயமலர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "மூண்டு தரம் கழுவினனான்," என்றார், ஏதோ அதுதான் குற்றச்சாட்டு என்பதுபோல்.

ஈயம் இருந்த வாளி. நான் நாலு தின்றிருந்தேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டேன். அதைக் கவனிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

"வியாழக்கிழமை குப்பை நாள். குப்பையோடை போட்டன். ஒண்டை மட்டும் மெழுகுத் தாளோடை சுத்தி வைச்சிருந்தனான். இண்டைக்கு இவர் வெளியிலை பனி தள்ளேக்கை, உங்கடை கார் வந்து நிக்கிறதைப் பாத்திட்டுக் கீழை கொண்டுபோய் வைச்சன். அவர் வைக்கிற மாதிரியே வைச்சன்."

"ஏன்?"

"முந்தியும் ஒருக்கா உருக்க வைச்சிருந்த ஈயத்தை ஒளிச்சனான் அக்கா. அடுத்த கிழமையே வேறை ஈயம் சேர்த்து வார்த்திட்டார். எத்தினை வருசம் சொன்னன். பிள்ளையைத் திண்ட சாமானை வீட்டுக்குள்ளை அடுக்கி வைச்சு, தூசி படாமல் மூடி வைச்சு... பிள்ளையின்ரை உடுப்புகளைக்கூட அப்பிடி வைக்கேல்லை. கீதனிலை அவருக்கு உயிர். அவனுக்கு ஒரு பிரச்சினை வரும்போல இருந்தாப் பயந்து நிப்பாட்டுவார் எண்டு நினைச்சன். நீங்கள் வந்து கண்டுபிடிச்சு, நிப்பாட்டுங்கோ எண்டு சொன்னாக் கேப்பார் எண்டு நினைச்சன். பொலிசுக்குப் போவாரெண்டு நான் நினைக்கேல்லை."

எங்களை அழைத்தது குண்டைக் கண்டுபிடிக்க இல்லை. ஜெயமலர் தானே வைத்ததை அவர் கணவர் முன்னால் நாங்கள் கண்டுபிடித்துக் காட்ட. மூன்று வருடமாக எத்தனையோ பேர் எங்களிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். இந்த அம்மா மேல் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

கோபம் சந்திரவதனாவுக்கு வந்தது. "உங்கடை பிள்ளைக்காக இன்னொரு தாயின்ரை பிள்ளையை வைச்சு விளையாடினியள். அவனை அங்கை திருப்பி அனுப்பியிருந்தா, அவன்ரை படத்துக்கும் ஒருத்தி மாலை போட்டிருப்பா. அதை யோசிச்சியளோ?"

ஜெயமலர் அழவில்லை. தலையை மட்டும் அசைத்தார், யோசிக்கவில்லை என்று.

சமையலறை வாசலில் தில்லையம்பலம் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கையில் இரண்டு குண்டுகள். ஒன்று பஞ்சோடு, ஒன்று பஞ்சில்லாமல்.

"குப்பையிலை," என்றார்.

"ஓம்."

"நானூறும்?"

"முன்னூற்றித் தொண்ணூற்றொன்பது."

அவர் மேசையில் வந்து உட்கார்ந்தார். "என்ரை பிள்ளைக்குப் பட்ட குண்டை ஆர் வார்த்தது, ஆர் சுட்டது, ஆருக்கு வைச்சது, ஒண்டும் எனக்குத் தெரியாது. ஒன்பது வருசமா யோசிக்கிறன். நான் வார்க்கிறது ஒவ்வொண்டும் எங்கை போகுதெண்டு எனக்குத் தெரியும். கடதாசியிலை ஓட்டை போட்டிட்டு மணல் மேட்டுக்குள்ளை போகும். நான் மணலை அரிச்சுத் திருப்பி எடுத்து உருக்குவன். ஒண்டும் வெளியிலை போகேல்லை. ஒரு ஆளிலையும் படேல்லை. அதை எண்ணி வைச்சாத்தான் எனக்கு இரவிலை நித்திரை வரும்." மேசையில் குண்டுகளை நிறுத்தினார். "இப்ப முன்னூற்றித் தொண்ணூற்றொன்பது எங்கையெண்டு எனக்குத் தெரியாது."

"இதை நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே," என்றார் ஜெயமலர்.

"நீ நிப்பாட்டச் சொன்னனீ. ஏனெண்டு கேக்கேல்லை."

ஒன்பது வருடம் ஒரே வீட்டில், ஒரே படத்துக்குக் கீழே, ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார், ஒருவர் வெறுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலுக்கு இரண்டு நிமிடம்.

"அண்ணை," என்றார் சந்திரவதனா. "ஃபிராங்க் ஃபோன் எடுக்கப் போறான். உண்மையைச் சொன்னா மனுசி மாட்டுவா. சும்மா விட்டா, வாளி ஒண்டு துலைஞ்ச வீட்டிலை ஒரு அகதிப் பொடியன் இருக்கிறான். ஆர் எண்டு விசாரிக்க வருவினம். வியாழனுக்கு முதல் வருவினம்."

அவர் மேசையில் இருந்த இரண்டு குண்டுகளையும் நேராக்கி வைத்தார். முன் கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. பூட்ஸைத் தட்டும் சத்தம். தலையில், புருவத்தில், கழுத்துத் துண்டில் எல்லாம் பஞ்சோடு ஒரு மெலிந்த இளைஞன் எட்டிப் பார்த்தான்.

"என்ன அன்ரி, விருந்தோ?" என்றான் கீதன். "எனக்கும் சோறு இருக்கே?"

அதே நேரம் ஃபோன் அடித்தது.

தில்லையம்பலம் அதை மூன்று முறை அடிக்க விட்டார். நாலாவதற்கு எழுந்து போய் எடுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் இருந்த படத்தைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் பேசினார். ஆமாம் ஃபிராங்க், நான்தான் உன் மனைவியிடம் சொன்னேன். இல்லை, ஒன்றும் தொலையவில்லை. நான் தவறாக எண்ணிவிட்டேன். மறுமுனையில் அந்த மனிதர் சிரித்திருக்க வேண்டும், நீயா என்று கேட்டிருக்க வேண்டும். ஆமாம், நான்தான், என்றார் தில்லையம்பலம். எனக்கும் வயதாகிறது.

ரிசீவரை வைத்த பிறகும் அவர் கையை அதிலிருந்து எடுக்கவில்லை. ஓரங்குலத்தை ஆயிரம் துண்டாக அளக்கிற மனிதர், எண்ணிக்கை தெரியாதவன் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டு நின்றார். ஜெயமலருக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் புரியும் போலிருந்தது. துவாலையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கீதன் பஞ்சைத் தட்டிக்கொண்டே சிரித்தான். "அங்கிள் பிழையா எண்ணினவரோ? நான் நம்பமாட்டன்."

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. சந்திரவதனா என் முழங்கையைத் தொட்டார், போகலாம் என்று. எங்கள் வேலை முடிந்துவிட்டது. பையன் தப்பிவிட்டான், வெளியே யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. இந்த இடத்தில் மூடிவிட்டால் எல்லோருக்கும் வசதி. இத்தனை வருடத்தில் நான் பார்த்த எல்லா வீடுகளும் இந்த இடத்தில்தான் மூடிக்கொண்டிருக்கின்றன.

ஜெயமலர் எழுந்தார். அடுப்புக்குப் போய்ச் சோற்றுப் பானையின் மூடியைத் தொட்டார். தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"அவர் பிழையா எண்ணேல்லைத் தம்பி," என்றார். "நான் உனக்கு ஒரு துரோகம் செய்தனான். சாப்பாடு பிறகு தாறன். முதல் இதிலை இரு, சொல்லுறன்."

கீதன் சிரிப்பு மறையாத முகத்தோடு நாற்காலியை இழுத்தான். நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.